ஓடி முடிப்பதும் வெற்றியே!

காணும் பொங்கல் நெருங்கினால் எங்கள் திருக்கடையூரில் எல்லைப் பந்தயத்தைப் பற்றிய பேச்சுத்தான். பந்தயத்துக்கு அனுமதி கிடைத்த ஆண்டானாலும் சரி, கிடைக்காத ஆண்டானாலும் சரி, பேச்சுக்கு மட்டும் குறைவிராது. ரேக்ளா வண்டிகளைப் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்றும், குதிரை வண்டிகளைத் தனியாகவும் பிரித்து விடுவது வழக்கம். சின்ன மாட்டைப் பெரிய மாட்டோடு ஓடவிட்டு, பிறகு "தோற்றுப் போயிற்று" என்று சொல்வது நியாயமாகாது என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

2025-ஆம் ஆண்டு பொங்கலின்போது மட்டும் பேச்சு வேறு ஒரு பந்தயத்துக்குத் தாவிவிட்டது. அந்த ஜனவரி 11, 12 தேதிகளில் துபாயில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் நடந்தது. நடிகர் அஜித்குமார் சொந்தமாக அமைத்த அணி, தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. தேநீர்க் கடையில் ஒரே ஆரவாரம். ஆனால் ஒரு பெரியவர் மட்டும், "மூன்றாவதாக வந்ததற்கா இத்தனை கொண்டாட்டம்?" என்று கேட்டாராம். என் தந்தையார் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தோம். எனக்கு அந்தக் கேள்வி சிரித்துவிட்டு மறக்கக் கூடியதாகப் படவில்லை. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

தோழியரே, நாம் அறிந்த ஓட்டப் பந்தயங்களில் தூரம் குறிக்கப்பட்டிருக்கும். அதை யார் விரைவில் கடக்கிறார் என்று பார்ப்பார்கள். நெடுநேரப் பந்தயத்தில் இது தலைகீழ். நேரம் குறிக்கப்பட்டிருக்கும், அதற்குள் யார் அதிகத் தூரம் ஓடினார் என்று எண்ணுவார்கள். இரவு வரும்; விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். எரிபொருள் தீரும், நிறுத்தி நிரப்ப வேண்டும். டயர் தேயும், மாற்ற வேண்டும். ஒருவர் களைத்தால் மற்றவர் அதே இருக்கையில் ஏறி அதே வண்டியை ஓட்டுவார். பல வகைக் கார்கள் ஒரே தடத்தில் ஓடினாலும், பெரிய மாடு சின்ன மாடு போலப் பிரிவுகள் உண்டு. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 1923-ஆம் ஆண்டு மே மாதம் முதன்முதலாக இத்தகைய 24 மணி நேரப் பந்தயம் நடந்தபோது, புறப்பட்ட 33 கார்களில் 30 கார்கள் முடித்தன. கார் என்பது வழியில் நின்றுவிடாமல் நெடுநேரம் உழைக்கக் கூடியதா என்பதைச் சோதிப்பதே அன்றைய நோக்கம்.

இப்பந்தயங்களின் மற்றொரு சிறப்புத்தான் என் மனத்தை ஈர்த்தது. இவற்றில் தொழில்முறை ஓட்டுநர்களுடன் 'அமெச்சூர்'களும் ஓட்டுகிறார்கள். அமெச்சூர் நாடகக் குழு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். அச்சொல்லுக்கு 'அரைகுறை' என்பது பொருளன்று. லத்தீன் மொழியில் 'நேசித்தல்' என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. பிழைப்புக்காக அன்றி, அன்பினால் ஒரு காரியத்தைச் செய்கிறவரே அமெச்சூர்.

உலக மோட்டார் பந்தயச் சம்மேளனம் நெடுநேரப் பந்தய ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என நான்கு படிகளாகப் பிரிக்கிறது. அமெச்சூர்கள் பெரும்பாலும் வெண்கலப் படியில் இருப்பார்கள். இன்று லெ மான் பந்தயத்தின் ஒரு பிரிவில், ஒவ்வோர் அணியிலும் வெண்கலப் படியைச் சேர்ந்த ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது விதி. அவரைப் பெயருக்குச் சேர்த்துவிட்டு ஓரமாக உட்கார வைக்கவும் முடியாது. குறிப்பிட்ட நேரம் அவர் ஓட்டியே ஆக வேண்டும். எவ்வளவு அழகான விதி! கைதேர்ந்தவர் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும், கற்றுக்கொண்டிருப்பவர் வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தால்தான் அணிக்கு வெற்றி. அதனால் கைதேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் வந்துவிடுகிறது.

'எல்லாவற்றையும் நானே செய்வேன்' என்பவருக்கு நேர்ந்ததையும் இதே பந்தயம் சொல்கிறது. 1952-ஆம் ஆண்டு லெ மானில் பியேர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர், உடன் ஓட்ட ஒருவர் காத்திருந்தும், அவரிடம் வண்டியைக் கொடுக்க மறுத்துவிட்டார். ஏறக்குறைய 23 மணி நேரம் தாமே ஓட்டினார். மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு முதலிடத்தில் இருந்தார். பந்தயம் முடிய இன்னும் சிறிது நேரமே இருந்தபோது எஞ்சின் பழுதாகி வண்டி நின்றுவிட்டது. வெற்றி வேறு அணிக்குப் போயிற்று. இன்று அப்படித் தனியாக ஓட்டவே விதி இடந்தராது. மொத்தத்தில் ஒருவர் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அதில் தொடர்புடையவர் நம் தமிழ்நாட்டவர். கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். 2009-இல் லெ மானில் மூவர் அணியில் ஒருவராகச் சேர்ந்தார். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் சுவரைத் தாண்டும்போது விழுந்து அவருடைய தோள்மூட்டு விலகிவிட்டது. மூவர் செய்ய வேண்டியதை மற்ற இருவரும் பங்கிட்டுக்கொண்டு, 24 மணி நேரமும் ஓட்டி ஏழாம் இடம் பெற்றுத் தந்தார்கள். 'ஊர் கூடித் தேர் இழு' என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தானே? மூன்றாண்டுகள் கழித்து, 2012-இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் லெ மானில் ஓட்டி, தன் அணியோடு ஆறாம் இடம் பெற்றார். அவருடைய பாட்டனார் இந்து சந்தோக், 1953-இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அக்காலத்தில் பந்தயத் தடம் ஏது? சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. அதில் பியட்டும் ஹெரால்டும் அம்பாசடருமாக, அன்றாடம் ஓட்டும் கார்களைத் தாமே செப்பனிட்டுக்கொண்டு வந்து பந்தயம் விட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது 1990 வாக்கில்தான். அமெச்சூர்கள் போட்ட விதையிலிருந்து முளைத்ததே தமிழ்நாட்டின் மோட்டார் பந்தயம் முழுவதும்.

மீண்டும் துபாய்க்கு வருவோம். அஜித்குமாருக்குத் தொழில் திரைப்படம்; பந்தயம் அவருடைய நேசம். 2003-இல் ஆசியப் பந்தயத் தொடர் ஒன்றிலும், 2010-இல் ஐரோப்பாவில் பார்முலா டூ பந்தயங்களிலும் ஓட்டியவர். நெடுங்கால இடைவெளிக்குப் பின், ஐம்பது வயதைத் தாண்டியபின் அணி அமைத்தார். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு, ஜனவரி 7 அன்று, பயிற்சியின்போது அவருடைய கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்று நின்றது. நல்வினைப் பயனாகக் காயமின்றித் தப்பினார். பிறகு என்ன செய்தார்? தன் பெயர் தாங்கிய காரைத் தன் தோழர்களிடம் விட்டு, ஓட்டும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். வேறொரு அணியின் காரில், வேறு பிரிவில் ஓட்டினார். அணியின் நலத்துக்காக இருக்கையை விட்டுக்கொடுத்தார். அந்தக் கார்தான் மூன்றாம் இடம் பெற்றது. "மூன்றாவதாக வந்ததற்கா கொண்டாட்டம்?" என்ற பெரியவருக்கு என் பணிவான விடை இது: ஐயா, கொண்டாட்டம் மூன்றாம் இடத்துக்கன்று, மோதி நின்ற பிறகும் முடித்துக் காட்டியதற்கு.

இதையெல்லாம் பெண்கள் பள்ளி மலரில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். உலகில் முதன்முதலாக நெடுந்தூரம் கார் ஓட்டியவர் யார்? ஒரு பெண்! 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், தம் கணவர் கண்டுபிடித்த மூன்று சக்கர வண்டியில் இரு புதல்வர்களை ஏற்றிக்கொண்டு, கணவருக்குச் சொல்லாமலே புறப்பட்டார். போன தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறத்தாழத் திருக்கடையூரிலிருந்து தஞ்சாவூர் போகும் தூரம். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் செய்தார். 1930-இல் லெ மானில் மார்கரித் மரேஸ், ஒதெத் சிகோ என்ற இரு பெண்மணிகள் சேர்ந்து ஓட்டி ஏழாம் இடம் பெற்றார்கள். இவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் ஊர் வயல்களில் நடவு நடும்போது பாருங்கள். வரிசையில் ஒருத்திக்குக் கை மெதுவானால், அவள் பங்கையும் இருபுறத்தாரும் சேர்ந்து நட்டுவிட்டு, எல்லாருமாகக் கரையேறுவார்கள். இடுப்பு ஒடிய நாள் முழுதும் நிற்பதைவிட நெடுநேரப் பந்தயம் வேறு உண்டோ?

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. இவ்விளையாட்டுக்கு ஆகும் பணம் ஏழை எளியவரின் கைக்கு எட்டாது. அமெச்சூர் என்றாலும் வசதியுள்ள அமெச்சூர்தான். எரிபொருளும் வீணாகிறது என்பர். ஆபத்தும் உண்டு. 1955-இல் லெ மானில் ஒரு கார் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை ஓட்டியவரும் மாண்டார். அவர் முன்னே நான் சொன்ன அதே லெவேதான். அதனால்தான் இன்று இத்தனை விதிகள். துபாய்ப் பந்தயத் தொடரில் தடத்தில் விபத்து நேர்ந்தால், ஊதாக் கொடி காட்டியதும் எல்லாக் கார்களும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட வேண்டும். ஒருவர் இடரில் இருக்கும்போது மற்றவர் முந்தக் கூடாது! நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் நடுவே மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பறக்கும் அண்ணன்மார்கள் இதை அறிந்துகொண்டால் நல்லது. பந்தயத்துக்குத் தடம் வேறு. பள்ளிக்குப் போகும் சாலை வேறு.

ஆகவே, எல்லாரும் பந்தயக் கார் ஓட்டப் புறப்படுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நான் கேட்பது சிறிய ஒன்று. நம் விளையாட்டு விழாவை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் அதே ஆறேழு பேர் ஓடுகிறார்கள். அதே ஆறேழு பேர் பரிசு வாங்குகிறார்கள். மற்ற நூற்றுக்கணக்கானோர் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து கைதட்டுகிறோம். என் வகுப்புத் தோழி ஒருத்தி ஏழாம் வகுப்பில் ஒரு முறை ஓடினாள். எல்லாருக்கும் கடைசியாக, மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போனபின் வந்து சேர்ந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விளையாட்டு விழாவன்றும் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது. அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அவள் ஓட்டத்தை முடித்தாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இனி ஒரு போட்டியைச் சேர்க்கலாம். ஒரு மணி நேரத் தொடர் ஓட்டம். அணிக்குப் பன்னிரண்டு பேர்; ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். யார் முதலில் வந்தார் என்ற கேள்வியே இல்லை. அணி மொத்தம் எத்தனை சுற்று வந்தது என்பதுதான் கணக்கு. பன்னிருவரில் ஆறு பேராவது இதுவரை எந்தப் போட்டியிலும் பெயர் கொடுக்காதவர்களாக இருக்க வேண்டும். ஓட முடியாதவள் நடக்கலாம். நடந்தாலும் சுற்று சுற்றுத்தான். அப்போது நன்றாக ஓடும் தோழியர், மெதுவாக ஓடுபவளைக் கேலி செய்ய மாட்டார்கள். காலையில் எழுப்பிக் கூட்டிக்கொண்டுபோய்ப் பழக்குவார்கள். ஏனெனில் அவளுடைய ஐந்து நிமிடமும் அணிக்குச் சொந்தம். சுற்றுகளை எண்ணுவதற்கும், தண்ணீர் கொடுப்பதற்கும், நேரம் பார்ப்பதற்கும் ஆள் வேண்டும். ஆகவே உடல்நலம் இடந்தராதவர்களுக்கும் அணியில் இடமுண்டு. இதற்குச் செலவு ஒரு கடிகாரமும் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடியும்தான்.

உடற்பயிற்சி ஆசிரியை அவர்களும் தலைமையாசிரியை அவர்களும் இவ்வேண்டுகோளைக் கருணையுடன் பரிசீலிப்பார்கள் என்று நம்புகிறேன். வாழ்க்கை நூறு மீட்டர் ஓட்டமன்று, தோழியரே. படிப்பும் வேலையும் குடும்பமும் நெடுநேரப் பந்தயங்கள். அவற்றில் இரவும் வரும், டயரும் தேயும். அப்போது நமக்கு வேண்டியது, இருக்கையை வாங்கிக்கொள்ளவும் திருப்பித் தரவும் தெரிந்த ஓர் அணி.

என் தோழியிடம் இப்போதே கேட்டுவிட்டேன். என் அணியில் அவள்தான் முதல் பெயர். "வயிற்றுவலி வந்தால்?" என்றாள். "நடந்து வா, நான் எண்ணுகிறேன்" என்றேன்.