படிக்காவிட்டால் ஆசாரி வேலையா?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டது போல் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு பாத்ரூமில் வாஷ்பேசினுக்குக் கீழே ஓர் அலமாரி வேண்டியிருந்தது. நானே செய்தேன். படத்தைக் குடும்பக் குழுவில் போட்டதும் போன் வர ஆரம்பித்தது. "ஏன் மாமா, காசுக்கு என்ன பஞ்சம்? ஆளை விட்டுச் செய்யக் கூடாதா?" என்றாள் தங்கை மகள். பழைய மாணவர் ஒருவர், "சார், நீங்க போய் ஆசாரி வேலை பார்க்கலாமா?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அந்த "நீங்க போய்" என்ற இரண்டு சொல்லுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் கதையைச் சொல்கிறேன். முன்பு இருந்தது கடையில் வாங்கிய அலமாரி. "வாட்டர்ப்ரூஃப் சார்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் அடிப்பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. கதவு மூடவில்லை. பிரித்துப் பார்த்தேன். மேலே பளபளப்பான வெள்ளைத் தாள். உள்ளே மரத்தூளையும் சீவலையும் பசை போட்டு அமுக்கிய பார்ட்டிகிள் போர்டு. இந்த வகைப் பலகையில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான் இருக்கும். தொடர்ந்து ஈரம் பட்டால் அந்தப் பசை விட்டுவிடும், அமுங்கியிருந்த தூள் விரியும். வாட்டர்ப்ரூஃப் என்பது மேல்தாளுக்கு மட்டும்தான் பொருந்தும். தண்ணீர் பலகையின் முகத்தில் ஏறுவதில்லை, விளிம்பில் ஏறுகிறது. நுண்புழை நுழைவு என்று போர்டில் படம் போட்டு நடத்தினேனே, அதேதான். நடத்திய நானே கடையில் குனிந்து அந்த விளிம்பைப் பார்க்கவில்லை. பளபளப்பைப் பார்த்தேன், பணத்தைக் கொடுத்தேன்.

இன்னொன்று. அந்த அலமாரியின் வடிவமே நம் பாத்ரூமுக்கு உண்டானதல்ல. குளிக்கும் இடத்தைத் தனியே தடுத்து, மற்ற தரை காய்ந்தே கிடக்கும் வீடுகளுக்கு உண்டான சாமான் அது. நாம் வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பவர்கள். பாத்ரூம் கழுவுவது என்றால் சுவர் வரைக்கும் தண்ணீர் அடிப்பவர்கள். தரையில் நிற்கும் பலகைக் காலுக்கு நம் வீட்டில் தினமும் வெள்ளம்தான்.

ஆகவே, இந்த முறை 18 மி.மீ. ப்ளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கினேன். கடையில் மரைன் ப்ளை என்பார்கள். அந்தத் தரத்துக்கான சோதனையில் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போடுகிறார்கள். ஒட்டு விடக் கூடாது. எம்.ஆர். என்று போட்ட ப்ளைவுட் விலை குறைவு. அது காற்றின் ஈரத்தைத் தாங்கும், பாத்ரூம் தண்ணீரைத் தாங்காது. பேசினின் பாரம் அதன் சொந்த பிராக்கெட்டிலேயே இருக்க, அலமாரியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் சுவரில் மாட்டினேன். ஸ்க்ரூ, கீல் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. பின்பலகை வைக்கவில்லை. காற்றும் போகும், குழாயில் கசிவு வந்தால் கையும் போகும்.

வெளிப்பக்கம் மைக்கா. உட்பக்கம் 120 உப்புத்தாள், பிறகு 220 உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பி.யூ. பாலீஷ் மூன்று கோட். ஒவ்வொரு கோட்டும் ஓர் இரவு காய வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டும். ரம்பம் பட்ட விளிம்பு எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தேன். எங்கள் தெருவில் வேலைக்கு வந்திருந்த ஆசாரி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், பலகைக்கு இன்னும் ஒரு வாய் திறந்திருக்கு" என்றார். கழிவுக் குழாய்க்காகப் போட்ட ஓட்டையின் உள்வட்டம்! அதை விட்டிருந்தால் மரைன் ப்ளையும் அங்கிருந்துதான் கெட்டிருக்கும். நுண்புழை நுழைவு என்ற பெயர் அவருக்குத் தெரியாது. அது எங்கே நுழையும் என்று தெரிந்திருந்தது. எனக்குப் பெயர் மட்டும் தெரிந்திருந்தது.

இப்போது சொல்கிறேன். "படிக்கலேன்னா ஆசாரி வேலைக்குத்தான் போகணும்." இதை நான் எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! எல்லா ஆசிரியர்களும் சொன்னோம், எல்லாப் பெற்றோரும் சொன்னார்கள். ஒரு முழுத் தொழிலையே தண்டனையாக ஆக்கினோம். அதன் பலன் என்ன? எங்கள் ஐயப்பன்தாங்கலில் அடுக்குமாடி அடுக்குமாடியாக, படித்தவர்கள் லட்சக்கணக்கில் கொடுத்து இன்டீரியர் செய்கிறார்கள். எந்தப் பலகை என்று கேட்கத் தெரிவதில்லை. கலர் மட்டும் கேட்கிறோம்.

சிலர் உடனே 1953-ஐ இழுப்பார்கள். ராஜாஜி கொண்டுவந்த திட்டம், அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பா செய்யும் தொழில். குலக்கல்வி என்று தமிழ்நாடே எதிர்த்தது. 1954-இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் கைவிடப்பட்டது. எதிர்த்தது நூற்றுக்கு நூறு சரி. ஆசாரி மகன் ஆசாரியாகவே இருக்க வேண்டும் என்பது அநியாயம். ஆனால் அதற்கு நியாயமான மாற்று என்ன? ஆசாரி மகனுக்கு இயற்பியல், வாத்தியார் மகனுக்கு உளி, இரண்டு பேருக்கும் இரண்டும். நாம் பாதியை மட்டும் செய்தோம். சாதியின் பிடியிலிருந்து தொழிலை விடுவிப்பதற்குப் பதிலாக, தொழிலின் மேலிருந்த இழிவை அப்படியே வைத்துக்கொண்டோம். "நீங்க போய்" என்பதில் ஒலிப்பது அந்த இழிவுதான்.

"எல்லாரும் தானே செய்துகொண்டால் ஆசாரி பிழைப்பு என்னாவது?" என்ற கேள்வியும் வந்தது. ஒன்பது நாள் ரம்பத்தோடும் உப்புத்தாளோடும் மல்லுக்கட்டியவன் சொல்கிறேன், இனி எந்த ஆசாரியிடமும் கூலியில் பேரம் பேச எனக்கு வாய் வராது. வேலை தெரியாதவன்தான் கூலியைக் குறைப்பான்.

நான் அப்படித் திட்டிய பையன்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். ஒருவர் இன்று லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஒருவர் எலக்ட்ரீஷியன். நான் சொன்னது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் ஏதோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை, பெண் பிள்ளையையும்தான், பக்கத்தில் உட்கார வைத்து வாஷரை மாற்றுங்கள். ஸ்பானரை அவர்கள் கையில் கொடுங்கள். அந்த வாக்கியத்தை மட்டும் அவர்கள் காதில் போடாதீர்கள்.