எரிந்தால் கவலை, எரியாவிட்டால்?

எண்ணூர் அசோக் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1949-இல் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தபோது, அவற்றில் ஏர்பேக் என்ற சங்கதியே கிடையாது. இன்று அப்படியல்ல. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். கார் மோதியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் விரிந்து, தலையையும் மார்பையும் தாங்கும் காற்றுப்பை அது.

சாவியைத் திருப்பியதும் அதற்குரிய எச்சரிக்கை விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் எங்கோ கோளாறு. ஆபத்து வேளையில் பை விரியாமலே போகலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளில் புகுந்ததே, நினைவிருக்கிறதா? அத்தகைய வெள்ளத்தில் நின்ற காரில், ஸீட்டுக்கு அடியிலுள்ள மஞ்சள் நிற வயர் இணைப்புகளில் களிம்பேறிவிடும். விளக்கும் அணையாது. ஹாரனும் சேர்ந்து ஊமையாகிவிட்டதா? ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் நாடா வயர் அறுந்திருக்கலாம்.

நீங்களே கையை வைத்துவிடாதீர்கள்! உள்ளே வெடிமருந்து இருக்கிறது. சாதாரண மீட்டரால் சோதித்தால் பை படாரென்று விரியக்கூடும். விஷயம் தெரிந்த மெக்கானிக், ஸ்கேனரில் கோளாறைப் படித்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, சில நிமிஷம் பொறுத்த பிறகே வேலையைத் தொடுவார்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். கோளாறை மறைக்க விளக்கையே பிடுங்கிவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. ஏறப் போவது உங்கள் குழந்தை குட்டிகள் அல்லவா?