தாழ்த்திய காரில் ஐந்தருவிக்குப் போகலாமா?

ஜூன் சீசன் தொடங்கினால் ஐந்தருவி சாலையில் கார்கள் வரிசை கட்டும். நடுவே தரையை உரசுகிற மாதிரி தாழ்த்திய கார் வந்தால் இளசுகள் செல்போனை எடுத்துவிடுவார்கள். அடுத்த வேகத்தடையில்தான் 'கர்ர்ர்'!

ஸ்விஃப்ட் காரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. விதிப்படி வேகத்தடையின் உயரம் 100 மி.மீ. (நம்மூர் வேகத்தடைகள் விதியை எங்கே பார்த்தன?) காரை 40 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 123. ஐந்து பேரும் பைகளும் ஏறினால் இன்னும் இறங்கும்.

ஸ்பிரிங்கை வெட்டினால் செலவு குறைவுதான். ஆனால், வெட்டியது வெட்டியதுதான். பழைய உயரம் திரும்பாது. ஷாக் அப்சார்பரும் இடிபட்டே கெடும்.

காயில்ஓவர் அப்படியல்ல. ஷாக் அப்சார்பரின் உடலில் மரை இருக்கும். அதிலுள்ள வளையத்தை ஸ்பேனரால் திருகினால் கார் ஏறும், இறங்கும். குற்றாலத்துக்குக் கிளம்பும்முன் உயர்த்திக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வீல் அலைன்மென்ட் செலவு உண்டு. அந்தத் தொல்லையே வேண்டாம், பட்டனைத் தட்டினால் போதும் என்பவர்களுக்கு ஏர் சஸ்பென்ஷன். விலைதான் கையைக் கடிக்கும்.

முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். அங்கே சரி என்றால், வீட்டில் எல்லோரையும் காரில் உட்காரவைத்து, அடியில் டேப் பிடித்து அளந்த பிறகு கடைக்குப் போங்கள்.