கண்ணீருக்கு மட்டும் காணிக்கையா?

புற்றுநோய் கண்ட ஒரு குழந்தையின் நிழற்படத்தை ஒட்டி ஆலய வாயிலில் உண்டியல் ஒன்றை வைத்தால், நம் மக்கள் மனமிரங்கித் தருகிறார்கள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வரும் தாயும் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். இந்த இரக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதே வாயிலில், குழந்தைப் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சிக்காக என்று எழுதி ஓர் உண்டியலை வைத்தால், அதில் காசு விழுவது அரிது. "ஆராய்ச்சியா? அதை அமெரிக்காக்காரன் செய்வான். இல்லையேல் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். நமக்கேன் அந்தப் பாடு?" என்பதே படித்தவர் முதல் பாமரர் வரை பலரும் கூறும் மறுமொழி. இம்மறுமொழி தவறானது என்பதும், குழந்தைகளின் உயிரை விலையாகக் கேட்கும் தவறு என்பதும் நம் வாதம்.

நோய் ஒன்று, விதி இரண்டு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,00,000 குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். செல்வ நாடுகளில் இவர்களுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். ஏழை நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டினர்கூடத் தேறுவதில்லை. எங்கே பிறந்தது என்பதே ஒரு குழந்தையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இந்த அநீதியைக் கண்டே அந்நிறுவனம் 2018-ஆம் ஆண்டு ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கி, 2030-ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளையேனும் பிழைக்கச் செய்வது என்று இலக்கு வகுத்தது.

நம் நாட்டுப் புற்றுநோயாளர் நூற்றுவரில் ஏறக்குறைய நால்வர்தாம் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள். எண்ணிக்கையில் சிறியோர் என்பதே இவர்களுக்குக் கேடாயிற்று. மருந்து நிறுவனங்கள் வாங்குவோர் தொகையைப் பார்த்தே முதலிடுகின்றன. குழந்தைக்கு வாங்கும் ஆற்றலும் இல்லை, வாக்குச் சீட்டும் இல்லை. சந்தையும் அரசியலும் கைவிடும் இடத்தில்தான் அறச்சிந்தை உள்ள மக்களின் கொடை தேவைப்படுகிறது.

யார் கொடுத்த பணம்?

இன்று ஒரு குழந்தை இரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைக்கிறது என்றால், அந்த மருந்து எங்கிருந்து வந்தது? பம்பாயில் ஆலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கண்ட கொடிய இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், ஈஸ்ட் சாற்றில் அதைக் குணப்படுத்தும் பொருள் ஒன்று உள்ளது என 1931-இல் அறிவித்தார். அப்பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1923-இல் அமெரிக்கா சென்ற யெல்லாப்பிரகடா சுப்பாராவின் குழுவினர், அதைச் செயற்கையாக உருவாக்கினர். அதன் செயலைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கினர். அவற்றுள் ஒன்றைப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேரிடம் நோய் தணிந்ததென 1948-இல் வெளியிட்டார். அத்தணிவு நிலைக்கவில்லை. ஆயினும் மூடிக்கிடந்த கதவு அன்றுதான் திறந்தது.

அதே 1948-ஆம் ஆண்டு மே மாதம், 'ஜிம்மி' என்ற புனைபெயரால் அழைக்கப்பட்ட நோயுற்ற சிறுவன் ஒருவனின் குரல் அமெரிக்க வானொலியில் ஒலித்தது. இருபதாயிரம் டாலர் திரட்ட எண்ணியவர்களுக்கு 2,31,000 டாலருக்கும் மேல் கிடைத்தது. பிள்ளைகள்கூடச் சில்லறைக் காசுகளை அனுப்பினார்கள். அந்தப் பணம் ஜிம்மி ஒருவனின் மருந்துச் செலவோடு முடியவில்லை. ஃபார்பரின் ஆராய்ச்சிக்கே அடித்தளமாயிற்று. அமெரிக்காக்காரன் செய்வான் என்கிறோம். அங்கும் செய்தவன் கோடீசுவரன் மட்டும் அல்லன், காசு கொடுத்த எளியவனுமே என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

நம் மண்ணில் நடந்தது

அயல்நாட்டுக் கதை போதும் என்பீர்களாயின், அடையாற்றுக்கு வாருங்கள். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால், 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிறுவனம் தொடங்கியது. பொதுமக்களின் நன்கொடையே அதற்கு உயிர்மூச்சாக இருந்தது. 1960-இல் குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு அங்கே அமைந்தது.

1970-களில் நம் நாட்டின் சிறந்த மருத்துவமனைகளில்கூட, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் ஐவரில் ஒருவர் பிழைப்பதே அரிதாக இருந்தது. மேல்நாட்டு மருந்துகளின் பெயர் நம் மருத்துவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஊட்டம் குறைந்து, நோய் முற்றிய நிலையில், தொற்றுகளுக்கு நடுவே வந்து சேரும் நம் குழந்தைக்கு எந்த மருந்தை, எவ்வளவு, எந்த வரிசையில் தருவது என்பது எந்த அயல்நாட்டு நூலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. 1984 முதல் அடையாறு நிறுவனமும், மும்பை டாட்டா மருத்துவமனையும், தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனமும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் துணையுடன் ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டு, விளைவுகளைப் பதிந்து, ஒப்பிட்டுத் திருத்தின. நான்காண்டுகளுக்குப் பின்னும் நோய் திரும்பாதிருந்தோரின் அளவு 20 விழுக்காட்டுக்கும் கீழிருந்து 45 முதல் 60 விழுக்காடு வரை உயர்ந்தது. இதில் நம் டாக்டர் சாந்தாவின் பங்கு பெரிது. புதிய மருந்து எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. முறையாகக் கற்றார்கள், குழந்தைகள் பிழைத்தார்கள். ஆராய்ச்சி என்பது இதுதான்.

இன்னொரு சான்று. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ், 2006-இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவர். அவரைக் கொண்டுபோன அந்த வகை, ஒருகாலத்தில் மிகக் கொடியதாய் இருந்து, இன்று உரிய நேரத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாக்கக்கூடியதாய் மாறியுள்ளது. அம்மாற்றத்தில் சீன மருத்துவர்களுக்கு அடுத்து நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கும் பங்குண்டு. நம் முன்னோர் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்திருந்த பொருளைத் தூய மருந்தாக்கி, 1998 முதல் 2004 வரை 72 நோயாளருக்கு அம்மருத்துவர்கள் அளவறிந்து தந்தனர். மூன்றாண்டு முடிவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நலமாயிருந்தனர். செலவும் குறைந்தது. புனித கார்லோவின் படத்தை வீடுதோறும் மாட்டுகிறோம். அவரைக் கொன்ற நோயை வெல்வதற்கு நம் வீட்டிலிருந்து என்ன போகிறது?

மருந்து வீட்டு வாசலிலேயே இருந்தும், அறிவு இல்லாதபோது என்ன பயன்? நம் கடற்கரை மணலிலும் கல்லறைத் தோட்டங்களிலும் தானே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியை யார் அறியார்? சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்கியவரும் உண்டு. நீரிழிவுக்கு நல்லது என்ற நாட்டு வழக்கைக் கேட்டு, கானடாவில் அதன் இலையை ஆராய்ந்தவர்கள், அது இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அமெரிக்காவிலும் ஆய்வு தொடர்ந்தது. அச்செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963 முதல் உலகெங்கும் குழந்தைகளைக் காத்துவருகிறது. அந்தச் செடிக்கு நாம் தண்ணீர் ஊற்றினோம். அதை மருந்தாக்கிய கேள்வியை வேறு யாரோ கேட்டார்கள்.

சொல்லப்படும் சாக்குகள்

"முதலில் சிகிச்சை, பிறகு ஆராய்ச்சி" என்பர். இரண்டும் பகையல்ல. இந்த மருத்துவமனைகளில் சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே படுக்கையருகே நடக்கின்றன. இன்று நாம் பணம் கட்டும் சிகிச்சை, நேற்று எவரோ பணம் கொடுத்த ஆராய்ச்சியின் கனி.

"எல்லாம் இறைவன் சித்தம்" என்பர். "பெற்றோர் செய்த பாவம்" என்று முணுமுணுப்போரும் உண்டு. பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு இதே கேள்வியைச் சீடர்கள் கேட்டபோது, அவனும் காரணமல்லன், அவன் பெற்றோரும் காரணமல்லர் என்று ஆண்டவர் மறுத்ததை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் படிக்கிறோம். அவர் மறுத்த பழியைச் சுமத்த நாம் யார்? குழந்தைப் புற்றுநோய் தொற்றுவதில்லை. மிகப் பெரும்பாலும் எவருடைய பழக்கத்தாலும் வருவதில்லை.

"நேர்ச்சை வைத்திருக்கிறோம், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறோம்" என்பர். போங்கள், ஆனால் மருத்துவமனைக்குப் போன பிறகு போங்கள். காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோலில் கன்றிய திட்டுகள், ஓயாத எலும்பு வலி, வயிற்றிலோ கழுத்திலோ கட்டி, காலையில் தலைவலியோடு வாந்தி, கண்மணியில் பூனைக்கண் போன்ற வெண்மினுக்கம் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் நாள் கடத்தலாகாது. வயிற்றுக் கட்டியை எண்ணெய் தடவி உருவுவதும், வீங்கிய காலுக்கு நாட்டுக்கட்டுப் போடுவதும் நோயைப் பரப்பும், முற்றவைக்கும். கண்ணில் தோன்றும் புற்றைத் தொடக்கத்திலேயே கண்டால் உயிரைக் காக்கலாம். பல வேளைகளில் பார்வையையும் காக்கலாம்.

கடற்கரை கற்பிப்பது

வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேரை அறியாதவர் புதுவையில் இல்லை. பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநரே வந்து வடம் பிடித்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆளுநர் வடத்தைத் தொடலாம். தேர் நகர்வது ஊர் கூடி இழுப்பதால்தான். நம் கடலோர ஊர்களில் பொதுக்காரியம் எதுவாயினும் தலைக்கட்டு வரி போட்டே நடக்கிறது. தனி வீடு தாங்காததை ஊர் தாங்கும் என்ற அறிவு அவ்வழக்கத்தில் இருக்கிறது. ஆராய்ச்சியும் எந்தத் தனி வீடும் தாங்க முடியாத பொதுக்காரியமே.

2004 டிசம்பர் 26-ஐ இக்கரை மறக்குமா? அன்று உலகமே நம் கண்ணீரைக் கண்டு அரிசியும் துணியும் அனுப்பியது. நன்றி. ஆனால் அடுத்த ஆழிப்பேரலையிலிருந்து நம் பிள்ளைகளைக் காக்கப்போவது அந்த அரிசியா? கடலடியின் அசைவை இரவும் பகலும் அளந்து, 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கிவரும் முன்னெச்சரிக்கை மையம் அன்றோ? நிவாரணம் நேற்றைய துயரை ஆற்றுகிறது. நாளைய துயரைத் தடுக்க அறிவு வேண்டும். புயல் எச்சரிக்கை கேட்டுப் படகைக் கரையேற்றும் மீனவருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இதே கரையில்தான் ஆராய்ச்சிக்கான கேள்விகளும் கிடக்கின்றன. வீராம்பட்டினத்திலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்கிறது. முதல் சில வாரங்களிலேயே காய்ச்சல் நின்று குழந்தை ஓடியாடத் தொடங்கும். குணமாகிவிட்டது என்று குடும்பம் நம்பும். அதற்குள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை வரும். கூலிக்குப் போகும் தந்தைக்கு வேலையில்லை. தாய்க்குப் பேருந்துக் கட்டணமும் இல்லை. சிகிச்சை நிற்கும். பின்னர் நோய் திரும்பும்போது, அது முன்னைவிட வலிமையோடு திரும்பும். எத்தனை குடும்பங்கள் இப்படி நடுவழியில் நின்றன, எந்த உதவி தந்தால் நிற்காமல் தொடரும் என்று எண்ணிக் கணக்கெடுப்பதும் ஆராய்ச்சியே. இதைப் பாஸ்டனில் இருந்து எவரும் செய்து தரமாட்டார்கள்.

நாம் கேட்பது

பங்குப் பேரவைகளுக்கும் அன்பியங்களுக்கும் நாம் சிலவற்றைக் கேட்கிறோம். திருவிழா வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் குழந்தைப் புற்றுநோய்க்கெனத் தனியே வையுங்கள். அதைப் பாதியாக்கி, ஒரு பாதியை அடையாறு போன்ற அறநிலையங்களின் ஆராய்ச்சிக்கு, ஆராய்ச்சிக்கே என்று எழுதி அனுப்புங்கள். மறுபாதியால், சிகிச்சையில் உள்ள குழந்தைகளின் பயணத்தையும் உணவையும், குறிப்பாக மீன்பிடித் தடைக் காலத்தில், தாங்குங்கள். நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை; விடுதிக்காரனிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வந்து தருவதாகவும் சொன்னான். வரவு செலவை ஆலயப் பலகையில் ஒட்டுங்கள். எந்த மதத்துக் குழந்தை என்று கேட்காதீர்கள்.

இளைஞர் மன்றத்தினர் முறை வைத்து இரத்தம் கொடுக்கட்டும். பிப்ரவரி 15 உலகக் குழந்தைப் புற்றுநோய் நாள். அதையொட்டிய ஞாயிறன்று மேற்கூறிய அறிகுறிகளை மறையுரையிலும் மறைக்கல்வி வகுப்பிலும் சொல்லுங்கள். அழும் குழந்தையின் படத்தை வாயிலில் ஒட்டுவதை நிறுத்துங்கள். அக்குழந்தைக்கும் மானம் உண்டு.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஆண்டுதோறும், எவரும் அழாத நாளிலும், தவறாமல் தரும் பழக்கம் தேவை. நம் பணத்தால் பிழைக்கப்போகும் குழந்தை இன்னும் பிறந்திருக்காது. அதன் முகத்தை நாம் காணவும் மாட்டோம். அந்த முகத்துக்காகவும் உண்டியலில் ஒரு காசு விழட்டும்.