சுவர் என்றால் சுவரா?

பிச்சாவரத்தை அடுத்த கிள்ளைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் வாதம்: 2004 சுனாமியில் பிச்சாவரம் அலையாத்திக் காடு சுவராக நின்று ஊர்களைக் காத்தது, ஆகவே கரையெங்கும் மரம் நட்டால் போதும்.

காடு உதவியதா என்பதல்ல என் சண்டை. அந்தப் ‘போதும்’ எங்கிருந்து வந்தது? சுவர் என்ற உருவகத்திலிருந்து.

ஒன்று. வினை, பயன், மெய், உரு என நான்கின் வழியே உவமை பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். காட்டுக்கும் சுவருக்கும் பொதுவானது பயன் மட்டும்; வடிவமல்ல. பிச்சாவரத்தில் காட்டை ஊடறுக்கும் கால்வாய்களில்தானே சுற்றுலாப் படகே ஓடுகிறது? எந்தச் சுவருக்குள் படகு போகும்?

இரண்டு. 2005இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 கடலோரக் குப்பங்களை ஒப்பிட்டு, இழப்பைக் குறைத்ததில் காட்டின் பங்கைச் சொன்னார்கள். மறு ஆண்டே மறுப்பு வந்தது: அதே தரவில் கடலிலிருந்து தொலைவும் தரையின் உயரமுமே இழப்பின் வேறுபாட்டில் பெரும்பாலானதை விளக்கிவிடுகின்றன. சுவர் பேச்சில் இந்த இரண்டுக்கும் இடம் உண்டா?

மூன்று. அந்தக் காட்டின் சுரபுன்னை மரம் உப்பங்கழிச் சேற்றில் வேர்பிடிக்கும். அலை நேராக மோதும் மணற்கரையில் எதை நடுவீர்கள், செங்கல்லையா?