நயினாதீவுக் கல்வெட்டும் நன்கொடை மின்சாரமும்

பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, நயினாதீவில் ஓர் ஆணையைத் தமிழிலேயே கல்லில் வெட்டுவித்தான். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே வந்திறங்குதல் வேண்டும். அவர்க்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைச் சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி. ஊராத்துறை என்றது இன்றைய ஊர்காவற்றுறையையே. அயலாரோடு பொருள்வழி உறவாடுதல் இத்தீவுகளுக்குப் புதிதன்று. அவ்வாணையின் சிறப்பு யாதெனில், நட்டம் நேருமிடத்து யாருக்கு எவ்வளவு என்பதை அது வெளிப்படையாகவே வரையறுத்தமையாகும்.

இன்றைய கணக்கோ வேறு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் பெறும் திட்டத்தைச் சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்கு வழங்க 2021 சனவரியில் அமைச்சரவை இசைந்தது. நிதி ஆசிய அபிவிருத்தி வங்கியினுடையது. தமிழகக் கரைக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில் சீனரா என்று புதுடில்லி முகஞ்சுளித்தது. தானே நன்கொடை தருவதாகவும் கூறியது. மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதென அவ்வாண்டு டிசம்பரிற் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில், அந்நியச் செலாவணி வற்றிக் கொழும்பு கையேந்தி நின்ற வேளையில், இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 2024 மார்ச்சில், 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில், வேலை பெங்களூரு நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. சூரிய ஒளியில் 1,700 கிலோவாற்று, காற்றில் 530 கிலோவாற்று என்பது திட்டம். முதல் இசைவுக்கும் இவ்வொப்பந்தத்துக்கும் இடையே மூன்றாண்டுகள்! தேசிய மின்வலையோடு இணையாத தீவினர் அக்காலமெல்லாம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தனர்.

கடனினும் நன்கொடை மேலன்றோ என்பார் உளர். மேலே. ஆயினும் அரசுகளுக்கிடையே விலையில்லாப் பொருள் உண்டோ? இங்கு விலை கடலிலே செலுத்தப்படுகின்றது என்க. கச்சதீவை இலங்கைக்குரியதாக்கிய 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை, அதன் அருகே கடலெல்லையையும் வரைந்தது. அவ்வெல்லையைத் தாண்டி வரும் தமிழக இழுவைப்படகுகள் தீவுப்பகுதித் தொழிலாளரின் வலைகளை அறுத்தெறிகின்றன. மீன்குஞ்சையும் விடாது கடலடியை வழித்துச் செல்கின்றன. இழுவைமடியை இயன்ற விரைவில் ஒழிப்பதென 2016 நவம்பரில் இரு நாடுகளும் உடன்பட்டன. 2017இல் இலங்கை அதனைச் சட்டத்தால் தடைசெய்தது. படகுகள் நின்றபாடில்லை. கொழும்பு சிலரைப் பிடிக்கும். பின்னர் நல்லெண்ணம் கருதி விடுவிக்கும். நல்லெண்ணத்தின் புகழ் கொழும்புக்கு, செலவு வலையிழந்தவனுக்கு. (இராமேசுவரத்துக் கூலித் தொழிலாளியைப் பகைவனாக்குதல் இங்கு நோக்கமன்று, படகுடையோர் கரையிலே இருக்கின்றனர்.)

மின்சாரத்துக்கு ஒரு மேசை, கடலுக்கு வேறொரு மேசை என்று பிரித்து வைப்பது கொழும்பின் சோம்பலேயன்றி இராசதந்திரமன்று. நன்கொடை பெறும் நாடு வாயடைத்திருக்க வேண்டுமென எந்த நூலும் விதிக்கவில்லை. இழுவைமடியை நிறுத்துதற்குக் காலவரையறை, அறுந்த வலைக்கு இழப்பீடு ஆகிய இரண்டையும் மின்னொப்பந்தம் பேசிய அதே மேசையில் வைத்திருத்தல் வேண்டும். வாய்ப்பு இன்னும் போய்விடவில்லை. இரு நாட்டு மின்வலைகளையும் இணைப்பதற்கான புரிந்துணர்வு 2025 ஏப்ரலில் எழுதப்பட்டுள்ளது. அதன்வழி வரும் பேச்சுக்களில் நெடுந்தீவு, ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் இருக்கை தரப்படுதல் வேண்டும்.