உடலின் ஹக்கைப் பறித்துவிட்டு நிம்மதியைத் தேடாதீர்

 

“மனம் அமைதியாக இல்லை ஹஜ்ரத், ஓதுவதற்கு ஏதாவது சொல்லுங்கள்” என்று வருவோரிடம், “இரவு எத்தனை மணிக்கு உறங்குகிறீர்கள்?” என்றே நான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் கிடைக்கும் விடை பன்னிரண்டு, ஒன்று. பதினொன்றுக்குக் கடையடைத்து, கணக்கு முடித்து, கைப்பேசியோடு படுக்கையில் சாய்ந்து, ஃபஜ்ரைத் தவறவிட்டு மீண்டும் ஓட்டம். பிள்ளைகள் மீது எரிந்து விழுந்த பிறகு தாயத்தும் ஓதிய தண்ணீரும் தேடுகிறோம். நோயை நாமே வளர்த்துவிட்டு அதற்கு மந்திரம் கேட்பது என்ன நியாயம்?

“ஹலாலான சம்பாத்தியமும் இபாதத் அல்லவா?” என்பார்கள். ஆம், ஐயமில்லை. ஆனால் இபாதத்திற்கே மார்க்கம் எல்லை வகுத்திருக்கிறதே! அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, ஸல்மான் (ரலி) அவர்கள் அவரை உண்ண வைத்தார்கள். இரவில் உறங்க வைத்தார்கள். கடைசிப் பகுதியில்தான் இருவரும் எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே ஹக்கு உண்டு என்று ஸல்மான் உணர்த்தியதை நபி (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. தொழுகைக்காகவே பறிக்கக் கூடாத உறக்கத்தை, இரவு பதினோரு மணி வியாபாரத்திற்காகப் பறிக்கலாமா?

நம் உறக்கத்தை மட்டுமா பறிக்கிறோம்? கடையில் நிற்கும் பையனின் கால்களுக்கும் ஹக்கு உண்டு. பணியாளர் மீது தாங்க முடியாத சுமையை ஏற்றாதீர் என்பதும் நபிமொழியே. வீட்டில் எல்லோருக்கும் முன் எழுந்து, எல்லோருக்கும் பின் படுக்கும் மனைவியின் கோபத்தைக் குறை கூறுவோர், அவள் பகலில் ஒருமணி நேரம் சாய வழி செய்தார்களா?

இன்னொரு கொடுமை, வாடி நிற்பவரிடம் “உமக்கு ஈமான் குறைவு” என்று தீர்ப்புச் சொல்வது. யஃகூப் (அலை) அவர்கள் துயரத்தால் கண்பார்வை இழந்ததைக் குர்ஆன் கூறுகிறது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் நபி (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடினார்கள். இவர்களுக்கு ஈமான் குறைவு என்று எந்த நா சொல்லும்? பத்தாம் நூற்றாண்டிலேயே அபூஸைத் அல்பல்கீ உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். நாமோ மனநல மருத்துவரின் வாசலை மிதிக்க இன்றும் வெட்கப்படுகிறோம். மருந்துக்கடையில் சீட்டின்றித் தூக்க மாத்திரை வாங்க மட்டும் வெட்கப்படுவதில்லை. அம்மாத்திரைகள் பழக்கமாகிப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே உட்கொள்வோர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

திக்ரால் உள்ளம் அமைதியுறும் என்பது இறைவாக்கு. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரவை ஓய்வுக்காக ஆக்கியதாகச் சொன்னவனும் அதே இறைவன்தான். ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்காதீர்.

ஆகவே, இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் கைப்பேசியையும் விடுங்கள். நண்பகலில் சிறிது நேரம் கைலூலா உறங்குங்கள். நம் ஜமாஅத்துகள் கூடிக் கடைவீதிக்கு ஓர் அடைப்பு நேரத்தை முடிவு செய்யட்டும். இத்தனைக்குப் பின்னும் படபடப்போ உறக்கமின்மையோ வாரக்கணக்கில் நீடித்தால் துஆவோடு மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்து தேடுவது தவக்குலுக்கு எதிரானதன்று.

ரிஸ்கு அளப்பவன் அல்லாஹ். கூடுதலாக விழித்திருக்கும் இரண்டு மணி நேரம் அல்ல. அவன் நம் இரவுகளில் அமைதியையும் பகல்களில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.